காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததா?

சில பொருள்கள் எங்கள் வீடுகளில் உரத்துப் பேசப்படுவதில்லை. அடுக்களையிலே பெண்கள் தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்வர். ஆண்களின் காலடி கேட்டதும் பேச்சு அரிசி விலைக்குத் திரும்பிவிடும். உரத்துப் பேசாமை பண்புதான். ஆயினும் அதனால் ஒரு தீங்கும் உண்டு. தாழ்ந்த குரலிற் பேசப்படும் பொருள்களிலேதான் பிழையான நம்பிக்கைகள் நெடுங்காலம் நிலைத்து வாழ்கின்றன. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மெய்யா பொய்யா என்று சோதிப்பார் இலர்.

அத்தகைய நம்பிக்கை ஒன்றை இவ்வாரம் ஆராய விரும்புகின்றோம். மணமான புதிதிலே பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைத்தாற் பிறகு கரு தங்காது என்பதே அது. மாத்திரை, ஊசி ஆகியவற்றைப் பற்றி மட்டும் இந்த அச்சம் நிலவவில்லை. ஓமோன் சிறிதும் கலவாத வழிகளைப் பற்றியும், சிறப்பாக எமது நாட்டில் யாவரும் 'லூப்' என்று வழங்கும் செப்புக் கருவியைப் பற்றியும் இது பரவலாக உண்டு. குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பக்கத்தில் இப்படியான பொருளை எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். பண்பாகச் சொல்லப்படும் உண்மை எதுவும் குடும்பத்துக்குக் கேடு செய்யாது என்பது எமது கருத்து.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி இப்போது மணமாகி ஆசிரியையாக நியமனம் பெற்றிருக்கிறாள். ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டுப் பயிற்சிக்குச் செல்லவேண்டியவள். பயிற்சி முடியும்வரை பொறுத்திருக்கலாம் என்று கணவனும் மனைவியும் எண்ணினர். மாத்திரை வேண்டாம் என்பது அவளது விருப்பம். மருத்துவமாது லூப்பைப் பற்றிச் சொன்னார். செய்தி அறிந்த மாமியார் அழுதே விட்டாராம். லூப் போட்டவளுக்குக் கருப்பை கெட்டுவிடும் என்றும், அயலில் ஒருத்திக்கு அவ்வாறே நேர்ந்தது என்றும் கூறினாராம். அந்த அம்மையாரை நாம் குறை கூறோம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையிற் பிறந்த அச்சம் அது. ஆனால் அந்த அச்சத்தினால், மருமகள் படிப்பை இழக்க நேரிடலாம். அல்லது பாதுகாப்பற்ற வழியொன்றை நாட நேரிடலாம். ஆகவே அச்சம் மெய்யானதா என்று பார்த்தேயாக வேண்டும்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வதுண்டு. காகம் வந்து அமர்ந்த அதே கணத்திற் பழம் விழுகிறது. காண்பவர் காகமே பழத்தை வீழ்த்தியது என்று எண்ணுகிறார். காகம் வாராவிடினும் பழுத்த பழம் விழுந்தே இருக்கும். லூப் அணிந்திருந்த ஒருத்திக்குப் பின்னர் பிள்ளை வாய்க்கவில்லை என்றால், அதனை ஊரார் நினைவில் வைத்திருப்பர். லூப்பை எடுத்தபின் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்களை எவரும் எண்ணுவதில்லை. லூப்பைக் கண்ணாற் காணாமலே பிள்ளைக்காக ஏங்குவோரையும் எவரும் எண்ணுவதில்லை.

அச்சம் பிறந்த கதை

ஆயினும் இந்த அச்சம் முழுவதும் கற்பனையிற் பிறந்தது என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. அதற்கு ஒரு மெய்யான வரலாறு உண்டு.

கருப்பைக்குள் ஒரு சிறு பொருளை வைத்துக் கருத்தரிப்பதைத் தடுக்கலாம் என்பதை ஜேர்மனிய வைத்தியர் ஏர்ன்ஸ்ற் கிறாபென்பேர்க் 1920களில் ஒரு வளையத்தின் வாயிலாகக் காட்டினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பவலோ நகரைச் சேர்ந்த டொக்டர் ஜாக் லிப்பெஸ் என்பவர் வளைந்து வளைந்து செல்லும் பிளாஸ்திக் கருவியொன்றை அமைத்தார். 'லிப்பெஸ் லூப்' என்று பெயர்பெற்ற அதனாலேயே, பின்னர் வந்த வேறு வடிவக் கருவிகளையும் நம்மவர் லூப் என்றே அழைக்கின்றனர்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏ. எச். றொபின்ஸ் என்னும் கொம்பனி 'டல்கன் ஷீல்ட்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. அந்நாட்டில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதனை அணிந்தனர். அதன் குறை அதன் நூலில் இருந்தது. ஏனைய கருவிகளின் நூல் ஒற்றை இழையாக இருக்க, இதன் நூலோ நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைத் திரட்டி நைலோன் உறையிட்டுச் செய்யப்பட்டிருந்தது. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அந்த இழைகள் கிருமிகளை உடலின் உட்பகுதிக்கு இழுத்துச் செல்லத்தக்கவையாய் அமைந்தன. கருப்பையிலும் பலோப்பியன் குழாய்களிலும் அழற்சி ஏற்பட்டுப் பலர் துன்புற்றனர். சிலர் பிள்ளைபெறும் வாய்ப்பையே இழந்தனர். கருவுற்ற நிலையிற் கிருமி தொற்றி உயிரிழந்தோரும் உளர். 1974இல் விற்பனை நின்றது. வழக்குகள் ஆயிரக்கணக்கிற் குவிந்தமையால் 1985இல் அக்கொம்பனி வங்குரோத்து நிலையை அறிவித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 200 கோடி டொலருக்கு மேற்பட்ட நிதி ஒதுக்கப்பட்டது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. டல்கன் ஷீல்ட்டின் மேல் எழுந்த அச்சம் எல்லாக் கருவிகளின் மேலும் படிந்தது. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளும் கருவி அணிந்தோரிடையே குழாய் அடைப்பு மிகுதி என்று கூறின. ஆனால் அவற்றிலும் டல்கன் ஷீல்ட் அணிந்தோருக்கே அபாயம் மிகுந்து காணப்பட்டது. செப்புக் கருவிக்கு அது குறைவாகவே இருந்தது. இந்த வேறுபாட்டைப் பொதுமக்கள் கவனிக்கவில்லை. கடல் கடந்து வரும் செய்தியில் நுணுக்கங்கள் வழியிலே உதிர்ந்துபோய், அச்சம் மட்டுமே கரை சேர்வது வழக்கம்.

செம்பு செய்யும் வேலை

இன்று வழங்கும் கருவி டல்கன் ஷீல்ட் அன்று. 1960களின் பிற்பகுதியில் சிலி நாட்டு வைத்தியர் ஹைமே சிப்பர், முயல்களின் கருப்பையிற் செப்புக் கம்பியை வைத்து ஆராய்ந்து, செம்புக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும் ஆற்றல் உண்டு எனக் கண்டார். அமெரிக்க வைத்தியர் ஹவாட் டேற்றம் அமைத்த 'ரீ' எழுத்து வடிவக் கருவியுடன் அக்கம்பி சேர்ந்தது. இப்போது உலகெங்கும் வழங்கும் 'கொப்பர் ரீ 380ஏ' என்பதன் எண், அதிலுள்ள செம்பின் மேற்பரப்பு 380 சதுர மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். அதன் நூல் ஒற்றை இழையால் ஆனது.

செம்பிலிருந்து மிகச் சிறிய அளவிற் கரையும் துணிக்கைகள் விந்தணுக்களை வலுவிழக்கச் செய்கின்றன. அதனால் விந்து சூலை அடைந்து கலப்பதே பெரும்பாலும் தடைப்படுகிறது. சூலகம் மாதந்தோறும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மாதவிடாயும் வந்துகொண்டிருக்கும். உடலின் ஓமோன் ஒழுங்கில் எதுவும் மாற்றப்படுவதில்லை. ஆகவே கருவியை எடுத்தவுடன் தடையும் நீங்கிவிடும். உடல் பழைய நிலைக்குத் திரும்புவதற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. எடுத்த மாதமே கருத்தரிப்போரும் உண்டு.

இக்கருவியை அணிந்த 100 பெண்களுள் முதலாண்டில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. ஒருமுறை வைத்தாற் பத்தாண்டுக்கும் மேலாகப் பயன்தரும். வேண்டியபோது இடையிலும் எடுத்துவிடலாம். 2018ஆம் ஆண்டில் எதியோப்பிய ஆய்வாளர் இருவர், பல நாடுகளிற் செய்யப்பட்ட 22 ஆய்வுகளை ஒருங்கே திரட்டிப் பார்த்தனர். பல்வேறு கருத்தடை முறைகளை நிறுத்திய பெண்களுள் 100க்கு ஏறக்குறைய 83 பேர் ஓராண்டுக்குள் கருவுற்றிருந்தனர். கருவி அணிந்தோர் இதில் எவ்வகையிலும் பின்தங்கவில்லை.

மெக்சிக்கோவிற் செய்த சோதனை

காகமா, பழமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை 2001ஆம் ஆண்டிற் கிடைத்தது. டேவிட் ஹுபாக்கர் என்பவரும் அவரது துணைவரும் மெக்சிக்கோ நகர வைத்தியசாலைகளில் 1,895 பெண்களை ஆராய்ந்தனர். இவர்களைப் பிரித்த முறை எமது மாணவர்கள் கவனிக்கத்தக்கது. பிள்ளை வாய்க்காத பெண்களுள் குழாய் அடைபட்ட 358 பேர் ஒரு பிரிவு. பிள்ளை வாய்க்காதவராயினும் குழாய் அடைபடாத 953 பேர் மற்றொரு பிரிவு. முதன்முறை கருவுற்றிருந்த 584 பேர் மூன்றாம் பிரிவு. முன்னர் செப்புக் கருவி அணிந்தீரோ என்று மூன்று பிரிவினரிடமும் வினவப்பட்டது. அத்துடன் அவர்தம் குருதியிற் கிளமிடியா என்னும் தொற்றின் சுவடு உண்டா என்றும் பார்க்கப்பட்டது.

கருவியே குழாயை அடைக்குமாயின், முதற் பிரிவில் அதனை அணிந்தோர் தொகை மிகுந்திருத்தல் வேண்டும். அவ்வாறு மிகவில்லை. மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது. வேறுபட்டது கிளமிடியாவின் சுவடே. குழாய் அடைபட்டோரிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. காகம் வேறு, பழத்தை வீழ்த்தியது வேறு என்பது இவ்வாறு வெளியாயிற்று.

இதற்கு முன்னர், 1992இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 22,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து மற்றோர் உண்மையைக் கூறியது. கருவி வைத்த முதல் இருபது நாள்களிலேயே அழற்சி ஏற்படும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது மிகவும் குறைந்துவிடுகிறது. முன்னரே தொற்று இருப்பின் வைக்கும்போது அது மேலே சென்றுவிடலாம். ஆகவேதான் வைப்பதற்கு முன் பரிசோதனை தேவை என்றும், தூய்மையான முறையிற் பயிற்சி பெற்றவரே வைத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றனர்.

மெய்யான பகைவர்

அப்படியாயின், பிள்ளைபெறும் ஆற்றலைக் கெடுப்பவை எவை? நாம் அறிந்தவரையில் மூன்றினைக் கூறலாம்.

முதலாவது தொற்று. கிளமிடியா, கொனோறியா என்பன உடலுறவால் தொற்றுவன. பெண்ணிடத்தில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாமல் குழாய்களிற் புண்ணுண்டாக்கி அடைத்துவிடத் தக்கவை. காலத்தில் அறிந்தால் மருந்தினாற் குணமாகும். மனைவி கற்புடையவளாய் இருந்தும் கணவன் வெளியிலிருந்து இதனைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும் என்பதை எழுதக் கூசினாலும், எழுதாமல் விடுவது நீதியன்று.

இரண்டாவது, மறைவிற் செய்யப்படும் கருக்கலைப்பு. எமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாகக் கொள்கிறது. அதனால் விரும்பாமற் கருவுற்ற சிலர் பயிற்சியற்றோரிடம் இரகசியமாகச் செல்கின்றனர். அங்கே கிருமி தொற்றிக் கருப்பை கெடுவது மாத்திரமன்றி உயிரே போவதும் உண்டு. பாதுகாப்பான தடையைக் கண்டு அஞ்சுவோர் சில வேளை இந்த அபாயத்திற் சென்று விழுகின்றனர்.

மூன்றாவது வயது. பெண்ணின் சூல்கள் பிறக்கும்போதே எண்ணிக்கையில் அமைந்தவை; ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருவன. முப்பதைக் கடந்தபின் மெல்லவும், முப்பதின் நடுப்பகுதிக்குப் பின் விரைவாகவும் கருத்தரிக்கும் ஆற்றல் தாழ்கிறது. இருபத்தெட்டில் மணந்து எட்டாண்டு தள்ளிவைத்த பெண்ணுக்குப் பின்னர் தாமதம் ஏற்படின், அந்த எட்டாண்டு லூப்புடன் கழிந்தாலென்ன, லூப் இன்றிக் கழிந்தாலென்ன, வயது ஒன்றே. தள்ளிவைக்கும் தம்பதியர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். லூப் பத்தாண்டு பயன்தரும் என்பதற்காகப் பிள்ளை வேண்டுவோர் பத்தாண்டு பொறுத்திருத்தல் அறிவுடைமையாகாது.

இன்னுமொன்று கூறவேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் குற்றம் எப்போதும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. பிள்ளையற்ற தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் காரணமாகவோ ஒரு பங்காகவோ இருப்பதை மருத்துவர் அறிவர். கணவனின் விந்தைச் சோதிப்பது எளிதான காரியம். அதனைச் செய்யாமல் மனைவியைக் கோயில் கோயிலாகவும் வைத்தியர் வைத்தியராகவும் அலைய வைக்கும் குடும்பங்கள் எத்தனை! அயலிலுள்ள அந்தப் பெண்ணின் கணவரை எவராவது சோதித்தார்களா என்று நாம் எமது மாணவியிடம் வினவினோம். இல்லை என்பதே அவள் தந்த விடை.

ஏனைய வழிகள்

ஓமோன் கலவாத வழி லூப் ஒன்றே அன்று. ஆணுறை வருங்காலப் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காதது மட்டுமன்றி, மேற்சொன்ன தொற்றுகளையும் தடுத்து அதனைக் காக்கவும் செய்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாற்றான் பயன். நடைமுறையில் 100 பெண்களுள் ஏறக்குறைய 13 பேர் ஓராண்டிற் கருவுற்றுவிடுகின்றனர்.

நாள் கணக்குப் பார்ப்பது மற்றொரு வழி. அடுத்த மாதவிடாய்க்குப் பன்னிரண்டு முதல் பதினாறு நாள் முன்னதாகச் சூல் வெளிப்படுகிறது என்பதை ஜப்பானிய வைத்தியர் கியூசாக்கு ஒகினோ 1924இல் எடுத்துக்காட்டினார். இவ்வழியால் உடலுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆயினும் மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கே இது ஓரளவு பொருந்தும், தவறுவதும் எளிது.

பிள்ளை பெற்ற தாய், தாய்ப்பால் மட்டுமே ஊட்டி, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதம் அதுவே ஒரு காவல். இம்மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் நூற்றுக்கு 98க்கும் மேற்பட்ட பாதுகாப்பு உண்டு என்று 1988இல் இத்தாலியின் பெலாஜியோவிற் கூடிய அறிஞர்கள் தெரிவித்தனர். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு வழி வேண்டும்.

சத்திரசிகிச்சையாற் குழாயைக் கட்டுவதும் ஓமோன் கலவாததே. ஆனால் அது நிரந்தரமானது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று உறுதிகொண்டோர்க்கே உரியது. தள்ளிவைக்க எண்ணுவோர்க்கு உரியதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலும் வீண் அச்சம் பிறக்கிறது.

எவரிடம் கேட்பது?

இலங்கையில் இத்துறைக்குப் பழமையான வரலாறு உண்டு. குடும்பத் திட்டமிடற் சங்கம் 1953இல் அமைக்கப்பெற்றது. சுவீடன் நாட்டின் உதவியுடன் 1958இல் ஒரு முன்னோடித் திட்டம் உருவாயிற்று. பின்னர் அரசாங்கமே இப்பணியைத் தாய்சேய் நலத்தோடு இணைத்து ஏற்றுக்கொண்டது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சார்ந்த கிளினிக்குகளில் இச்சேவை இலவசமாகக் கிடைக்கிறது. வீடு வீடாக வரும் மருத்துவமாது கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியவர் அல்லர். புதுமணத் தம்பதியரும் அவரிடம் வினவலாம்.

லூப் எல்லோருக்கும் ஏற்றது என்று நாம் கூறவில்லை. காரணம் தெரியாத குருதிப்போக்கு உள்ளோர், கருப்பையில் அழற்சியோ தொற்றோ இருப்போர் முதலில் அதற்கு வைத்தியம் செய்தல் வேண்டும். முதற் சில மாதங்களில் மாதவிடாய் மிகுந்தும் நோவுடனும் வரலாம். இரத்தச்சோகை உள்ளோர் அதனை மருத்துவரிடம் முன்னதாகக் கூறுதல் நன்று. கருவி தானே வெளியேறிவிடுவதும் சில வேளை நிகழும்; வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு நேரலாம். கருவி இருக்கும்போது மாதவிடாய் தப்பினாலோ, காய்ச்சலுடன் அடிவயிற்றில் நோவு கண்டாலோ தாமதியாமற் செல்லவேண்டும். பிள்ளை பெறாத இளம் பெண்ணுக்கும் இதனை வைக்கலாம் என்பதே இன்றைய மருத்துவர் கொள்கை.

பிள்ளை வேண்டும் எனத் துணிந்து ஓராண்டாகியும் கருத்தரியாதபோது, முப்பத்தைந்து வயதைக் கடந்தவளாயின் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரை நாடுக. ஒருவர் மட்டும் செல்வது பாதி வழி செல்வதாகும்.

மாமியார்மார்க்கு நாம் வணக்கத்துடன் கூறுவது ஒன்று உண்டு. மருமகள் படித்துத் தேறியபின், தன் உடலும் உள்ளமும் ஆயத்தமான வேளையிற் பெறும் பிள்ளை உங்கள் மடிக்கே வரப்போகிறது. அதற்காக இரண்டாண்டு பொறுத்திருப்பது பெரிதன்று. பிள்ளை எப்போது வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். அவர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும், மருத்துவரைக் கேட்டுத் தேரட்டும். அயலார் சொன்ன கதையைக் கேட்டு அன்று.